அசல் பீட்சா தேடுவது எப்படி: கோலாலம்பூர், பினாங்குத் தமிழர்களுக்கு

கோலாலம்பூரில் "அசல் இத்தாலி பீட்சா எங்கே கிடைக்கும்?" என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இத்தாலியில் எந்த ஊர்ப் பீட்சா? இதற்குப் பதில் தெரியாமல் கிளம்பினால் பங்சார், டிடிடிஐ, டாமன்சாரா என்று சுற்றி, நல்ல கடையில் உட்கார்ந்து, நல்ல பீட்சாவையே "நடுவில் வேகவில்லை, சொதசொதவென்று இருக்கிறது" என்று பாதியில் வைத்துவிட்டு எழுந்து வருவீர்கள். நேப்பிள்ஸ் பீட்சாவின் நடுப்பகுதி ஈரமாகத்தான் இருக்கும், அந்த ஊரில் அதுதான் முறை. அதே ஈரம் ரோம் நகரத்துப் பீட்சாவில் இருந்தால் அது குறை.

அடுத்தது, அடுப்படியில் நிற்பவர் இத்தாலியரா என்று எட்டிப் பார்க்கும் பழக்கம். வெள்ளைத் தோல் தெரிந்தால் ஒரிஜினல், நேப்பாளியோ மியன்மார்க்காரரோ நின்றால் டூப்ளிகேட் என்று உட்காருவதற்கு முன்பே முடிவு செய்துவிடுகிறோம். இதை வேறு யார் செய்தாலும் மலேசியத் தமிழர் செய்யக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஏனென்றால் இந்தக் கேள்வி நம் இலையைப் பார்த்தும் கேட்கப்படுகிறது. ஊரிலிருந்து வரும் உறவினரை பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்காரவைத்தால், மொறுமொறு பாகற்காய்ப் பொரியலையும் சோற்றின் மேல் மாற்றி மாற்றி ஊற்றும் குழம்புகளையும் பார்த்துவிட்டு "இது நம்ம ஊர்ச் சாப்பாடு மாதிரி இல்லையே" என்பார். தோட்டத்து லயத்திலும் பட்டணத்து ஒட்டுக்கடையிலும் தலைமுறை தலைமுறையாகச் சமைத்து வந்த சாப்பாடு அது, இந்த ஊர்ச் சாப்பாடு, யாருடைய நகலும் இல்லை என்று நமக்குத் தெரியும். அந்த நியாயத்தைப் பீட்சாவுக்கும் கொடுத்தால் தேடல் பாதி சுலபமாகிவிடும்.

ஊரைத் தேர்ந்தெடுங்கள்

விதிகளை மிக விரிவாக எழுதி வைத்திருப்பது நேப்பிள்ஸ்தான். 1984-ல் அங்கே பீட்சாக்காரர்கள் சேர்ந்து 'வெராச்சே பீட்சா நாப்போலெத்தானா' சங்கத்தைத் தொடங்கி, மாவில் என்ன சேரலாம், எவ்வளவு நேரம் ஊற வேண்டும், அடுப்பு எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் வரையறுத்தார்கள். கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட், அவ்வளவுதான். மாவில் எண்ணெய் கிடையாது, சீனி கிடையாது. கையால்தான் விரிக்க வேண்டும், உருட்டுக்கட்டை ஆகாது. அடுப்பு சுமார் 430 முதல் 480 டிகிரி செல்சியஸ், 60 முதல் 90 வினாடிக்குள் பீட்சா வெளியே வந்துவிட வேண்டும். இவ்வளவு சூட்டில் இவ்வளவு குறைந்த நேரம் வேகிறதால்தான் ஓரம் உப்பி ஆங்காங்கே கரும்புள்ளி விழுகிறது, உள்ளே மாவு மெத்தென்று இருக்கிறது, தக்காளியின் தண்ணீர் முழுக்க வற்றாமல் நடுவில் தங்குகிறது. குறை என்று நீங்கள் நினைத்ததும் ருசி என்று அவர்கள் நினைப்பதும் ஒரே காரணத்திலிருந்து வருகின்றன.

அங்கே அடிப்படை இரண்டுதான். தக்காளி, பூண்டு, ஓரிகனோ, ஆலிவ் எண்ணெய் மட்டும் போட்ட மரினாரா. தக்காளி, மொசரெல்லா, துளசி வகை இலையான பேசில் போட்ட மார்கெரிட்டா. மார்கெரிட்டாவை 1889-ல் இத்தாலி அரசிக்காகப் புதிதாகச் செய்தார்கள் என்று எல்லா மெனு அட்டையிலும் கதை இருக்கும். அந்தச் சேர்மானம் அதற்கு முன்பே நேப்பிள்ஸ் தெருக்களில் இருந்தது என்று வரலாற்றாசிரியர்கள் காட்டியிருக்கிறார்கள், அதனால் கதையை ரசியுங்கள், சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ரோம் வேறு. வட்டப் பீட்சா என்றால் மெல்லியது, மாவில் எண்ணெய் உண்டு, கடித்தால் நொறுங்க வேண்டும். இன்னொரு வகை, நீளத் தட்டில் சுட்டுக் கத்தரிக்கோலால் வெட்டி எடைபோட்டு விற்பது. சிசிலியின் பலேர்மோவில் 'ஸ்ஃபின்சியோனே' என்று தடிமனான ஒன்று, மேலே வதக்கிய வெங்காயம், தக்காளி, ஆஞ்சோவி, ரொட்டித் தூள். ஆஞ்சோவி என்பது நம் நெத்திலியின் குடும்பம்தான், அங்கே உப்பில் ஊறவைக்கிறார்கள், இங்கே காயவைக்கிறோம். நெத்திலியும் வெங்காயமும் சேர்ந்து வதங்கும் வாசனையோடு வளர்ந்த யாருக்கும் பலேர்மோ அந்நியமாக இருக்காது.

அப்புறம் அமெரிக்கா. 'அமெரிக்கன் பீட்சா' என்று ஒரே மூட்டையாகக் கட்டி ஒதுக்குகிறவர்கள் பெரிய இழப்பைச் சந்திக்கிறார்கள். நியூயார்க், நியூ ஹேவன், டெட்ராய்ட், சிகாகோ எல்லாம் தனித்தனி வட்டாரம். நியூ ஹேவனில் ஃபிராங்க் பெப்பே 1925-ல் கடை போட்டார். இத்தாலியின் அமால்ஃபிக் கடற்கரையில் மயோரி என்ற ஊரில் பிறந்தவர். அந்தக் கடை பெயர் வாங்கியது தக்காளி இல்லாமல் சிப்பிச் சதை, பூண்டு, சீஸ் தூவிய வெள்ளைப் பீட்சாவால். மயோரியில் அப்படி ஒன்றைத் தேடினால் கிடைக்காது, நியூ ஹேவனுக்குத்தான் போக வேண்டும். டெட்ராய்ட்டில் 1946-ல் தொடங்கிய சதுரப் பீட்சா, கார்த் தொழிற்சாலைகளில் உதிரிபாகம் வைக்கப் பயன்பட்ட நீல எஃகுத் தட்டுகளில் சுடப்பட்டது. தட்டின் விளிம்பு வரை சீஸ் போட்டு அது சுவரோரம் கருகிப் பிடிக்கும், தக்காளிச் சாறு மேலே கோடாக ஊற்றப்படும். சிகாகோவின் ஆழத்தட்டுப் பீட்சா 1943-ல் பீட்சேரியா உனோவில் தொடங்கியது என்பார்கள், வேக அரைமணி நேரத்துக்கு மேலும் ஆகும். அர்ஜென்டினாவில் போனஸ் ஐரஸ் நகரத்தில் வெங்காயமும் சீஸும் நிறைந்த ஃபுகசெட்டா, பக்கத்தில் கடலை மாவு அடை ஒன்று வைத்துச் சாப்பிடுவார்கள். இவை ஒவ்வொன்றும் கப்பலேறிப் போனவர்கள் போன இடத்தில் கிடைத்த மாவு, அடுப்பு, தட்டு, மீன் ஆகியவற்றை வைத்து உண்டாக்கியவை.

பினாங்கு வாசகருக்கு இதை விளக்கவே வேண்டாம். தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவுதடி வைத்து ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்பும் தொங்கவிட்டுத் துறைமுகத்துக்கு நடந்து விற்ற நாசி கண்டார், தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் அப்படியே இல்லை. கேம்பல் தெரு ஹமீதியா 1907-லிருந்து இருக்கிறது. அதைப் பார்த்து "ராமநாதபுரத்தில் இப்படிச் செய்ய மாட்டார்களே, இது போலி" என்று யாராவது சொன்னால் நமக்குக் கோபம் வரும், வரத்தான் வேண்டும்.

அடுப்படியில் நிற்பவர் யார்?

இத்தாலியர் என்பதாலேயே ஒருவருக்குப் பீட்சா வந்துவிடாது. வட இத்தாலியின் பெரும்பகுதிக்குப் பீட்சா பரவலாகப் போனதே இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். இன்று மிலான் நகரத்தில் பீட்சா சுடுபவர்களில் எகிப்தியர்கள் ஏராளம். தக்காளியே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, நம் சம்பாலில் அரைக்கும் மிளகாயும் அங்கிருந்துதான் வந்தது.

சட்டமே இந்தப் பக்கம் நிற்கிறது. நேப்பிள்ஸ் பீட்சாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2010-ல் கொடுத்த அங்கீகாரம் 'பாரம்பரியச் சிறப்பு' என்ற வகை. அது செய்முறையைக் காக்கிறது, இடத்தைப் பூட்டவில்லை. காம்பானியா எருமைப்பால் மொசரெல்லா அப்படியில்லை, அதைக் குறிப்பிட்ட வட்டாரத்தில்தான் தயாரிக்க முடியும். ஆக, சீஸுக்கு ஊர் கட்டாயம், பீட்சாவுக்கு முறை கட்டாயம். 2017-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததும் பீட்சா அல்ல, நேப்பிள்ஸ் பீட்சாக்காரரின் கைத்தொழில். நம் நாட்டுக் காலைச் சாப்பாட்டு வழக்கம், நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக் எல்லாம் அடங்கியது, 2024-ல் அதே பட்டியலில் சேர்ந்தது. ரொட்டி சானாய் வீசும் கையைப் பார்த்துத்தான் ருசியை மதிப்பிடுகிறோம், அந்தக் கை எந்த நாட்டிலிருந்து வந்தது என்று மாமாக் கடையில் யாரும் கேட்பதில்லை.

எனவே கே.எல். கடையில் ஒரு நேப்பாளத் தம்பி வருடக்கணக்காக அந்த அடுப்பின் முன் நின்று மாவின் போக்கைப் படித்திருந்தால் அவர் கையில் வருவதுதான் அசல். அவரிடமே பேசுங்கள், முதலாளியிடம் மட்டும் பேசாதீர்கள். "அண்ணே, மாவு நல்லா இருக்கு, எத்தனை மணி நேரம் வைக்கிறீங்க?" என்று கேட்டால் போதும், மலாயிலோ உடைந்த ஆங்கிலத்திலோ விவரம் கொட்டும்.

கடையில் எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது

மெனுவை முதலில் பாருங்கள். ஒரே அடுப்பில் நேப்பிள்ஸ், நியூயார்க், சிகாகோ மூன்றும் தருகிறோம் என்றால் சந்தேகப்படுங்கள். ஒன்றரை நிமிடத்தில் வேகிறதும் அரைமணி நேரம் வேகிறதும் ஒரே சூட்டில் நடக்காது, இரண்டு அடுப்பு வேண்டும். எந்தப் பாணி என்று கடைக்காரரே தெளிவாகச் சொன்னால் அது நல்ல அறிகுறி.

முதல் தடவை போகும்போது மரினாராவோ மார்கெரிட்டாவோ மட்டும் சொல்லுங்கள். நிறைய மேல்தூவல் போட்டால் மாவின் குறை மறைந்துவிடும், இந்த இரண்டிலும் மறைக்க இடமில்லை. வந்ததும் ஓரத்தைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள். நேப்பிள்ஸ் என்றால் சிறுசிறு புள்ளிகளாகக் கருகியிருக்க வேண்டும், வெள்ளையாகவோ ஒரேயடியாகக் கரியாகவோ இருக்கக் கூடாது. ஓரத்தைக் கிழித்தால் உள்ளே பெரிதும் சிறிதுமாகக் குமிழிகள் தெரிய வேண்டும். வெறும் ஓரத்தைத் தின்று பாருங்கள், அதுவே ருசியாக இருந்தால் மாவு ஒழுங்காகப் புளித்திருக்கிறது. சாப்பிட்ட பிறகு கல் போல வயிற்றில் உட்கார்ந்தால் அவசரமாகப் பொங்கவைத்த மாவாக இருக்கலாம்.

சீஸ் பற்றிக் கேளுங்கள். பசும்பாலில் செய்த ஃபியோர் தி லாத்தேயா, எருமைப்பால் மொசரெல்லாவா, பாக்கெட்டில் வரும் துருவலா என்று. எருமைப்பால் சீஸில் தண்ணீர் அதிகம், அதனால் நடுப்பகுதி இன்னும் ஈரமாகும், விலையும் கூடும். எனக்குப் பசும்பால்தான் பிடிக்கும், மாவின் ருசி தெரிகிறது.

வாசலில் புல்சினெல்லா என்ற முகமூடிக் கோமாளி பீட்சாத் துடுப்போடு நிற்கும் சின்னம் இருந்தால் நேப்பிள்ஸ் சங்கத்தின் உறுப்பினர் கடை. நல்ல அடையாளம், ஆனால் உறுப்பினராகக் கட்டணம் உண்டு, சின்னம் இல்லாத கடையை அதனாலேயே ஒதுக்க வேண்டாம். பினாங்கில் இருப்பவர்கள் ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளுக்கு வார நாளில் சீக்கிரமாகப் போனால் சமைப்பவரோடு பேச நேரம் கிடைக்கும்.

மாடு, பன்றி, சைவம்

இதைத்தான் நம் ஆட்கள் அதிகம் கேட்கிறார்கள், இதற்குத்தான் தெளிவான பதில் கிடைப்பதில்லை.

மாடு சாப்பிடாதவர்கள் கவனிக்க வேண்டியது: அமெரிக்காவில் பெப்பரோனி பெரும்பாலும் பன்றியும் மாடும் கலந்தது. மலேசியாவில் ஹலால் கடை என்றால் பன்றி போய்விடும், அப்போது பெப்பரோனி, சலாமி, மீட்பால், போலோனீஸ் சாறு எல்லாம் பெரும்பாலும் மாட்டிறைச்சி. மெனுவில் "பீஃப்" என்று எழுதியிருக்கும் என்று நம்பாதீர்கள், வெறும் பெப்பரோனி என்றே இருக்கும். அலுவலகத்தில் எல்லாருக்கும் சேர்த்து ஆர்டர் செய்யும்போது இந்து நண்பர்கள் தெரியாமல் சாப்பிட்டுவிட்டு வருந்துவது நடக்கிறது, தயவுசெய்து ஆர்டர் போடுபவர் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஹலால் இல்லாத கடையில் அதே பெயர் பன்றியாகவோ இரண்டும் கலந்ததாகவோ இருக்கலாம். முஸ்லிம் நண்பரோடு போகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டியது, "பன்றி இல்லை" என்ற பலகையும் அரசின் இஸ்லாமியத் துறையான ஜாக்கிம் தரும் ஹலால் சான்றிதழும் ஒன்றல்ல.

சைவம் இன்னும் நுணுக்கம். பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ் விதிப்படியே கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதியால் உறையவைக்கப்படுகிறது. கிரானா பதானோவும் அப்படித்தான், பெக்கொரினோ ரோமானோவுக்கு ஆட்டுக்குட்டியினுடையது. காம்பானியா எருமைப்பால் மொசரெல்லாவும் கன்று நொதியால்தான். மாறாக, தொழிற்சாலையில் செய்யும் பல மொசரெல்லாக்களில் நுண்ணுயிர் நொதி பயன்படுகிறது. எவ்வளவு அசலோ அவ்வளவு சைவத்திலிருந்து விலகும் என்பது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். புரட்டாசி மாதத்திலும் தைப்பூச விரதத்திலும் கண்டிப்பாக இருப்பவர்களுக்கு நான் சொல்வது மரினாரா. சீஸே கிடையாது, ஆஞ்சோவி போடுவதில்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். விரதத்தில் பூண்டைத் தவிர்க்காதவர்கள் எதையும் கழற்ற வேண்டாத, பிறப்பிலேயே சைவமான பழைய நேப்பிள்ஸ் பீட்சா அது. மெனுவில் 'நாப்போலி' அல்லது 'ரோமானா' என்ற பெயரில் இருப்பதில் ஆஞ்சோவி இருக்கும் வாய்ப்பு அதிகம், 'வெஜிடேரியன்' என்று எழுதியதில்கூட மேலே பார்மிஜானோ தூவுவார்கள். மாவில் பன்றிக் கொழுப்பு சேர்க்கும் பழைய வழக்கமும் சில வட்டாரங்களில் உண்டு, ஹலால் இல்லாத கடையில் இதையும் கேளுங்கள்.

வீட்டுக்கு வரவழைப்பது

நேப்பிள்ஸ் பீட்சாவை டெலிவரியில் வாங்காதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் மூடிய அட்டைப் பெட்டிக்குள் பத்து நிமிடம் இருந்தாலே ஆவி பிடித்து ஓரம் ரப்பராகிவிடும், பிறகு கடையைத் திட்டுவதில் நியாயமில்லை. வீட்டில்தான் சாப்பிட வேண்டும் என்றால் நியூயார்க், ரோம் தட்டு வகை, டெட்ராய்ட் தாங்கும்.

வீட்டிலேயே சுடுவது

வீட்டு ஓவன் பெரும்பாலும் 250 டிகிரிக்கு மேல் போகாது. அதில் நேப்பிள்ஸ் முயன்றால் மாவு காய்ந்து பிஸ்கட்டாகும். டெட்ராய்ட் பாணிதான் வீட்டு ஓவனுக்குப் பொருத்தம், தட்டு வேலையைச் செய்துவிடும்.

9 அங்குலச் சதுரத் தட்டுக்கு, கறுப்பு நிற உலோகமாக இருந்தால் நல்லது: 200 கிராம் ரொட்டி மாவு, 145 கிராம் தண்ணீர், 4 கிராம் உப்பு, 2 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். பேக்கிங் சாமான் கடையில் அதிகப் புரதம் உள்ள மாவு என்று கேளுங்கள், பலகாரத்துக்கு வாங்கும் சாதா மாவு தளர்ந்துவிடும். பிசைந்தால் கையில் ஒட்டும், மாவு அள்ளிப் போட்டுக் கெட்டியாக்காதீர்கள், கொஞ்ச நேரம் மூடி வைத்து மடித்துவிட்டால் தானே இழுவை வரும். வெளிநாட்டுச் செய்முறையில் "அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரம்" என்று இருப்பது 20 டிகிரி சொச்ச அறைக்கு. கே.எல். சமையலறை 30 டிகிரிக்கு மேல், அதே நேரம் வைத்தால் மாவு பொங்கி அமுங்கிப் புளிப்பேறிவிடும். பிசைந்து அரைமணி கழித்துக் குளிர்பெட்டியில் ஓர் இரவு வைத்துவிடுங்கள், ருசியும் ஏறும்.

மறுநாள் தட்டில் தாராளமாக எண்ணெய் தடவி மாவைப் போட்டு விரல் நுனியால் மூலைக்குத் தள்ளுங்கள். சுருங்கினால் பத்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடி தள்ளுங்கள். மெத்தென்று உப்பும்வரை வைத்திருங்கள். டெட்ராய்ட்டில் போடும் விஸ்கான்சின் பிரிக் சீஸ் இங்கே எளிதில் கிடைக்காது, கட்டியாக வாங்கிய மொசரெல்லாவோடு மென்சுவையான (மைல்ட்) செடாரை மூன்றில் ஒரு பங்கு கலந்தால் கொழுப்பு சரியாக வரும். துருவி விற்கும் பாக்கெட் வேண்டாம், ஒட்டாமல் இருக்கச் சேர்க்கும் ஸ்டார்ச் உருகுவதைக் கெடுக்கிறது. சீஸைத் தட்டின் சுவரைத் தொடும்படி போடுவதுதான் இதன் உயிர். அதன் மேல் கெட்டியான தக்காளிச் சாறு மூன்று கோடு. நன்றாகச் சூடேறிய ஓவனில் கீழ்த்தட்டில் 12 முதல் 15 நிமிடம், ஓரம் கருஞ்சிவப்பாகும்வரை.

மேலே சம்பால் நெத்திலி போடலாமா என்று கேட்பீர்கள். தாராளமாகப் போடுங்கள், அருமையாக இருக்கும், ஆனால் அதற்கு டெட்ராய்ட் என்று பெயர் வைக்காதீர்கள். உங்கள் வீடு செந்தூலில் இருந்தால் செந்தூல் பீட்சா என்றே சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

மிஞ்சினால் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் மைக்ரோவேவில் சூடாக்க வேண்டாம், மாவு தோலாகிவிடும். தோசைக்கல்லைச் சிறு தீயில் வைத்து, எண்ணெய் இல்லாமல் துண்டை வைத்து, அடிப்பக்கம் மொறுமொறுப்பானதும் கல்லின் ஓரத்தில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு உடனே மூடிவிடுங்கள், ஒரு நிமிடத்தில் சீஸ் இளகிவிடும்.